எந்தக் கணக்கில் மைல் சேர்ப்பது? விமானப் பயணம்: வாசகர் கேள்வி பதில்

நானும் கணவரும் ஒன்றரை வருடத்துக்கு ஒருமுறை சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். ஒருமுறை ஏர் இந்தியா, ஒருமுறை லுஃப்தான்சா, ஒருமுறை சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். மூன்றிலும் உறுப்பினர் எண் இருக்கிறது. மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் மைல். எதை வைத்துக்கொள்வது?
- வாசகி, வேளச்சேரி

மைல் என்பது பறக்கும்போது நம் கணக்கில் சேரும் புள்ளி, பின்னால் அதைக் கொடுத்து டிக்கெட் எடுக்கலாம். மூன்றில் எது என்று தேடாதீர்கள். நீங்கள் சொன்ன மூன்று நிறுவனங்களுமே ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் இருக்கின்றன (ஏர் இந்தியா சேர்ந்தது 2014 ஜூலையில்). கூட்டணிக்குள் எந்த விமானத்தில் பறந்தாலும், அந்தப் பயணத்தின் மைலை வேறு உறுப்பு நிறுவனத்தின் கணக்கில் வரவு வைக்கச் சொல்லலாம். லுஃப்தான்சாவில் உட்கார்ந்துகொண்டு ஏர் இந்தியா எண்ணைக் கொடுக்கலாம். நம்மில் பலர் ஏறும் விமானத்துக்கெல்லாம் ஒரு கணக்கு தொடங்குகிறோம். மைல் சிதறிப் போவதற்கு முதல் காரணம் அதுதான்.

உங்களுக்குப் பெரிய எதிரி காலாவதி. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல் திட்டமான கிரிஸ்ஃபிளையரில் மைல் சேர்ந்த நாளிலிருந்து மூன்று வருடம்தான் ஆயுள். நடுவில் நீங்கள் பத்து முறை பறந்தாலும் பழைய மைலின் தேதி நகராது. கூட்டணியின் இன்னொரு உறுப்பான ஏர் கனடாவின் ஏரோபிளானில் விதி வேறு: 18 மாதம் எந்த அசைவும் இல்லாவிட்டால் எல்லாம் போய்விடும், ஏதாவது ஒரு வரவோ செலவோ இருந்தால் பிழைத்துக்கொள்ளும். ஒன்றரை வருடத்துக்கு ஒருமுறை பறக்கும் உங்களுக்கு அது கத்திமுனை. அமெரிக்க நிறுவனமான யுனைடெட்டின் மைலேஜ்பிளஸில் 2019 முதல் காலாவதியே கிடையாது. அதுவும் ஸ்டார் அலையன்ஸ்தான். உங்களுக்கு அதுதான் பொருத்தம். யுனைடெட் விமானத்தில் நீங்கள் ஒருமுறைகூட ஏறியிருக்க வேண்டியதில்லை.

எவ்வளவு சேரும்? சென்னையிலிருந்து ஃபிராங்ஃபர்ட் வழியாக சான் பிரான்சிஸ்கோ ஒருவழிக்கு ஏறக்குறைய 10,400 மைல் தூரம், போய்வர 20,800. ஆனால் கூட்டாளி விமானத்தில் முழுத் தூரமும் கிடைப்பது அரிது. டிக்கெட்டில் கட்டண வகையைக் குறிக்கும் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். அந்த எழுத்துக்கு எத்தனை சதவீதம் என்று ஒவ்வொரு கணக்கிலும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். மலிவான எழுத்துகளுக்குப் பாதி, கால்பங்கு, சிலவற்றுக்குப் பூஜ்யம். பாதி என்றால் உங்களுக்கு 10,400. அதே எழுத்துக்கு ஒரு கணக்கில் பாதியும் இன்னொன்றில் ஒன்றுமே இல்லாமலும் இருப்பதுண்டு. ஆகவே டிக்கெட் எடுக்கும் முன் அந்த எழுத்தைக் கேட்டுவாங்கி, மைலேஜ்பிளஸ் தளத்தில் அந்த விமான நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

இருவருக்கும் தனித்தனிக் கணக்கு வேண்டும், ஏனென்றால் ஒருவர் பறந்த மைல் மற்றவர் கணக்கில் ஏறாது. செலவழிக்கும்போது உங்கள் கணக்கிலிருந்து அவருக்கு டிக்கெட் எடுக்கத் தடையில்லை. பழைய மூன்று கணக்கில் கிடக்கும் மைலை ஒன்றாக்க முடியாது. தேதி பார்த்து, முடிந்ததைச் செலவழித்துவிட்டு விடுங்கள்.

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு வருடத்துக்கு இரண்டு முறை போய்வருகிறேன். மைல் கிடைக்கும் என்பதற்காக சென்னை போய் சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் ஏறச் சொல்கிறார் நண்பர். சரியா?
- வாசகர், திருச்சி

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சென்னை–சிங்கப்பூர் சுமார் 1,800 மைல், போய்வர 3,600. நீங்கள் எடுக்கப்போவது எகானமியில் ஆகக் குறைந்த 'லைட்' வகையாகத்தான் இருக்கும். அதற்குப் பாதி மைல், அதாவது 1,800.

ஒரு மைலின் மதிப்பை அறிய வழி இது: நீங்கள் மைல் கொடுத்து வாங்க நினைக்கும் டிக்கெட்டின் ரொக்க விலையை எடுங்கள். மைல் கொடுத்தாலும் கையிலிருந்து கட்டவேண்டிய வரி, கட்டணங்களை அதில் கழியுங்கள். மீதியைத் தேவைப்படும் மைலால் வகுங்கள். ரொக்க விலை 28,000 ரூபாய், வரி 6,000, கேட்பது 24,000 மைல் என்று வைத்துக்கொண்டால், மைலுக்கு 92 காசு. அந்தக் கணக்கில் உங்கள் 1,800 மைல் சுமார் 1,650 ரூபாய். திருச்சியிலிருந்து சென்னைக்குப் பேருந்தோ ரயிலோ, இரண்டு பக்கமும் ஆட்டோ, ஒரு வேளைச் சாப்பாடு, போகும் அரை நாள், இவற்றை எதிரே வையுங்கள்.

திருச்சியிலிருந்தே, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமத்தின் மலிவுக் கட்டண நிறுவனமான ஸ்கூட்டில் போனால் கிரிஸ்ஃபிளையர் எண்ணைக் கொடுக்க மறக்காதீர்கள். அங்கே தூரத்தை அளப்பதில்லை, கட்டிய பணத்தைப் பார்த்துத்தான் மைல். கொஞ்சம்தான், ஆனால் இலவசம். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், ஏர் இந்தியாவின் குழுமம் என்றாலும் ஸ்டார் அலையன்ஸில் இல்லை. இண்டிகோவும் எந்தக் கூட்டணியிலும் இல்லை. அதற்கு 'புளூசிப்' என்று தனித் திட்டம். இந்த வழித்தடத்தில் மைலைப் பார்க்காமல் விலையையும் பெட்டி எடையையும் பார்த்து டிக்கெட் எடுங்கள்.

ஷார்ஜாவில் குடும்பத்தோடு நான்கு பேர். கோடை விடுமுறையில் சென்னை, எப்போதாவது லண்டனில் தங்கை வீடு. எமிரேட்ஸா, கத்தார் ஏர்வேஸா?
- வாசகர், ஷார்ஜா

இரண்டும் அடிப்படையிலேயே வேறு மாதிரியானவை. எமிரேட்ஸ் மூன்று பெரிய கூட்டணிகளில் எதிலும் இல்லை. அதன் திட்டமான ஸ்கைவார்ட்ஸின் மைலை எமிரேட்ஸிலும் ஃபிளைதுபாயிலும் தனியாக ஒப்பந்தம் போட்ட சில நிறுவனங்களிலும்தான் பயன்படுத்தலாம். கத்தார், ஒன்வேர்ல்டு கூட்டணி. கத்தாரில் மைலுக்குப் பதிலான நாணயம் ஏவியாஸ். பிரிட்டிஷ் ஏர்வேஸின் நாணயமும் அதுவே. இரண்டு கணக்கையும் இணைத்துவிட்டால் ஏவியாஸை ஒன்றுக்கு ஒன்றாக இங்கும் அங்கும் நகர்த்தலாம். லண்டன் போகிறவர்களுக்கு இது பெரிய வசதி. ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸும் ஒன்வேர்ல்டுதான் என்பதால், என்றாவது கொழும்பு வழியாகத் திருச்சிக்கோ மதுரைக்கோ போனால் அதையும் இதே கணக்கில் போடலாம்.

ஆனாலும் நான்கு பேர் என்பதுதான் உங்கள் கேள்வியில் முக்கியமான சொல். ஸ்கைவார்ட்ஸில் 'மை ஃபேமிலி' என்று ஒரு பொதுப் பானை உண்டு. குடும்பத் தலைவர் அதைத் தொடங்குவார்; ஒவ்வொருவரும் தங்கள் மைலில் எத்தனை சதவீதம் அதில் விழவேண்டும் என்று சொல்லிவிடலாம். 2 வயதிலிருந்து 17 வரை உள்ள பிள்ளைகளுக்கு 'ஸ்கைசர்ஃபர்ஸ்' கணக்கு. இதை முதல் பயணத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். நாலு பேருடைய நாலு சிறு வரவும் ஒரே இடத்தில் விழுந்தால்தான் ஒரு டிக்கெட்டாவது தேறும். மடியில் வரும் கைக்குழந்தைக்கு மைல் கிடையாது.

கோடையில் எப்படியும் நேர்விமானத்தில் துபாய்–சென்னை போவீர்கள், தோஹா போய் மாறப்போவதில்லை என்றால் ஸ்கைவார்ட்ஸ் என்பதே எங்கள் பதில். எச்சரிக்கை இரண்டு. எமிரேட்ஸ் கட்டணத்தில் 'ஸ்பெஷல்', 'சேவர்', 'ஃபிளெக்ஸ்', 'ஃபிளெக்ஸ் பிளஸ்' என்று படிகள் உண்டு. அடிப்படியில் மைல் மிகக் குறைவு, மேலே போகப் போகக் கூடும். ஸ்கைவார்ட்ஸ் மைலுக்கு ஆயுள் மூன்று வருடம். உங்கள் பிறந்த மாதத்தின் கடைசியில் தீரும். ஏவியாஸுக்கோ 36 மாதம் அசைவில்லாமல் இருந்தால்தான் ஆபத்து. வளைகுடாவை விட்டு ஊருக்குத் திரும்பும் எண்ணம் இரண்டொரு வருடத்தில் இருந்தால், கிளம்பும் முன் ஸ்கைவார்ட்ஸைச் செலவழித்துவிடுங்கள்.

இன்னொன்று, மைல் கொடுத்து எடுக்கும் டிக்கெட் இலவசம் அல்ல. விமான நிலைய வரி எல்லோரும் வாங்குவார்கள். அதற்கு மேல் எரிபொருள் கூடுதல் கட்டணம் என்று சில நிறுவனங்கள் ஒரு பெருந்தொகையை ஏற்றுகின்றன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் சொந்த விமானங்களுக்கு 2017 முதல் அதை வாங்குவதில்லை. எமிரேட்ஸும் பிரிட்டிஷ் ஏர்வேஸும் வாங்குகின்றன. மைலின் எண்ணிக்கையை மட்டும் ஒப்பிட்டு முடிவெடுத்தால் கடைசித் திரையில் அதிர்ச்சி காத்திருக்கும்.

என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலி. பெயர் மட்டும்தான். ஒவ்வொரு முறையும் மைல் ஏறவில்லை, 'பெயர் பொருந்தவில்லை' என்கிறார்கள்.
- வாசகர், மதுரை

தமிழ்ப் பயணிகளுக்கென்றே அமைந்த சிக்கல் இது. மைல் இழப்பவர்கள் நிறையப் பேர் இங்கேதான் இழக்கிறார்கள்.

பதிவுத் தளங்களில் குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட முடியாது. ஒரு ஏஜென்ட் உங்கள் பெயரையே இரண்டு கட்டத்திலும் போடுவார். இன்னொருவர் முதல் கட்டத்தில் எஃப்.என்.யு என்று எழுதுவார். 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது, அமெரிக்க விசாவிலும் வரும். மூன்றாமவர் அப்பா பெயரை எடுத்துப் போட்டுவிடுவார். உங்கள் மைல் கணக்கிலோ நீங்கள் பெயரும் இனிஷியலும் கொடுத்திருப்பீர்கள். கணினி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து வரவைத் தள்ளிவிடுகிறது.

செய்ய வேண்டியது: நீங்கள் அதிகம் பறக்கும் நிறுவனம் ஒற்றைப் பெயருக்கு என்ன முறை வைத்திருக்கிறது என்று அதன் தளத்திலோ தொலைபேசியிலோ கேளுங்கள், ஏனென்றால் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். டிக்கெட்டில் எப்படி அச்சாகுமோ, அப்படியே எழுத்துக்கு எழுத்து மைல் கணக்கிலும் மாற்றச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் பிரதி கேட்பார்கள். அதன்பின் எந்த ஏஜென்டிடம் போனாலும் அதே வடிவத்தை எழுதிக் கொடுங்கள். வாய்மொழியாகச் சொல்வது போதாது. டிக்கெட்டில் பெயரின் வாலில் 'எம்.ஆர்' என்று மிஸ்டர் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் பயப்படாதீர்கள். அது வழக்கம், பொருத்தத்தைக் கெடுக்காது.

நிலையான தீர்வு, பாஸ்போர்ட்டை மறுபடி வழங்கக் கோரும்போது இனிஷியலை விரித்து, பெயரையும் குடும்பப் பெயரையும் பிரித்துக்கொள்வது. மைலுக்காக மட்டும் சொல்லவில்லை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா, வருகை விசாவில் வருவோரை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. இரண்டாம் பக்கத்தில் தந்தை அல்லது குடும்பப் பெயர் இருந்தால் ஏற்பதாகப் பின்னர் விளக்கம் வந்தது. ஆனால் கையில் செல்லுபடியாகும் விசா இருக்கிறதென்றால் அது முடியும்வரை பெயரைத் தொடாதீர்கள்.

அலுவலக வேலையாக வருடத்துக்கு ஆறு முறை சென்னை–ஃபிராங்ஃபர்ட். லவுஞ்சும் கூடுதல் பெட்டியும்தான் எனக்கு வேண்டும். லுஃப்தான்சாவின் மைல்ஸ் அண்ட் மோரில் சேர்ந்தால் கோல்டு கிடைக்குமா?
- வாசகர், ஓசூர்

கோல்டு என்பது அடிக்கடி பறப்பவருக்குத் தரும் உயர் நிலை. ஆறு பயணத்தில் அங்கே அது கிடைக்காது. மைல்ஸ் அண்ட் மோரில் 2024 முதல் தகுதிக்குத் தூரம் கணக்கில்லை, ஏறும் ஒவ்வொரு விமானத்துக்கும் இத்தனை புள்ளி என்று வைத்திருக்கிறார்கள். நீண்ட தூர எகானமிக்கு 15, பிசினஸுக்கு 50. ஸ்டார் அலையன்ஸ் முழுதும் செல்லும் 'ஸ்டார் கோல்டு' நிலைக்கு இணையான 'செனட்டர்' நிலைக்கு ஒரு காலண்டர் வருடத்தில் 2,000 புள்ளி. உங்கள் ஆறு பயணம் பன்னிரண்டு விமானம்: 180 புள்ளி. எல்லாமே பிசினஸ் என்றாலும் 600. முதல் படியான 650-க்கே எட்டாது.

அதே பயணங்களைக் கிரிஸ்ஃபிளையரில் போட்டால்? சென்னை–ஃபிராங்ஃபர்ட் சுமார் 4,700 மைல். பன்னிரண்டு முறைக்கு 56,400. அங்கே கோல்டுக்கு 12 மாதத்தில் 50,000 தகுதி மைல், சில்வருக்கு 25,000. நூறு சதவீதம் தரும் கட்டண எழுத்தில் பறந்தால் கோல்டு, பாதி தரும் எழுத்தில் 28,200 என்பதால் சில்வரோடு நின்றுவிடுவீர்கள். ஸ்டார் சில்வருக்கு லவுஞ்சும் இல்லை, பெட்டியும் இல்லை. எனவே அலுவலகத்தில் டிக்கெட் போடுபவரிடம் கட்டண எழுத்தைக் கேளுங்கள். ஒன்றிரண்டு பயணத்தில் மட்டும் ஒரு படி மேலே உள்ள வகை எடுக்க முடிந்தால் எங்கே போய் நிற்கிறீர்கள் என்று வருடத்தின் நடுவிலேயே கூட்டிப் பாருங்கள். ஸ்டார் கோல்டு கிடைத்தால், எடைக் கணக்குள்ள வழித்தடத்தில் 20 கிலோ, எண்ணிக்கைக் கணக்குள்ள வழித்தடத்தில் ஒரு பெட்டி கூடுதல்.

கிரெடிட் கார்டு புள்ளிகளை இப்போதே மைலாக மாற்றி வைத்துக்கொள்ளலாமா?
- வாசகி, கோவை

வேண்டாம். மாற்றியதைத் திரும்ப வாங்க முடியாது. முதலில் உங்களுக்கு வேண்டிய தேதியில் மைலுக்கு இருக்கை இருக்கிறதா என்று விமான நிறுவனத் தளத்தில் தேடுங்கள். பொங்கல், கோடை விடுமுறை, டிசம்பர் என்றால் பல மாதம் முன்பே பாருங்கள். இருக்கை கண்ணில் பட்டபின் மாற்றுங்கள். சில வங்கிகளில் மைல் வந்துசேர நாட்கள் ஆகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். கார்டிலும் மைல் கணக்கிலும் பெயர் ஒன்றுபோல் இருக்க வேண்டும்.

பயணம் முடிந்து இரண்டு மாதமாகியும் மைல் வரவில்லை. போர்டிங் பாஸைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.
- வாசகர், நாகர்கோவில்

டிக்கெட் எண் இருந்தால் இன்னும் வழி இருக்கிறது. மின்னஞ்சலில் வந்த டிக்கெட்டில் 13 இலக்க எண்ணைத் தேடுங்கள். முதல் மூன்று இலக்கம் டிக்கெட்டை வழங்கிய நிறுவனத்தைக் காட்டும்: ஏர் இந்தியா 098, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 618, எமிரேட்ஸ் 176, கத்தார் 157, லுஃப்தான்சா 220, ஸ்ரீலங்கன் 603. ஏஜென்ட் கொடுத்த ஆறெழுத்துப் பதிவுக் குறியீடு இதற்கு உதவாது. மைல் சேரவேண்டிய கணக்கின் தளத்தில் 'விடுபட்ட மைல்' பகுதியில் அந்த எண், விமான எண், தேதி, இருக்கை எண் கொடுத்து விண்ணப்பியுங்கள். கெடு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், பல இடங்களில் ஆறு மாதம்தான். இன்றே செய்யுங்கள்.

விண்ணப்பிக்கும் முன் ஒன்றைச் சரிபாருங்கள். டிக்கெட்டில் ஒரு நிறுவனத்தின் விமான எண் இருக்கும், உண்மையில் பறந்தது இன்னொரு நிறுவனத்தின் விமானமாக இருக்கும். 'இயக்குவது' என்ற வரியில் வேறு பெயர் இருந்தால், அந்த நிறுவனம் உங்கள் கணக்கின் கூட்டாளியா என்று பாருங்கள். இல்லையென்றால் மைல் வராமல் போவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். மைல் கொடுத்து எடுத்த டிக்கெட்டுக்கும், சில குழுக் கட்டணங்களுக்கும் மைல் கிடையாது.

அடுத்தமுறை கவுண்டரில் போர்டிங் பாஸ் கையில் வந்ததும், உங்கள் உறுப்பினர் எண் அதில் அச்சாகியிருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் நகராமல் நின்று சேர்க்கச் சொல்லுங்கள். மைல் கணக்கில் ஏறும்வரை அந்தச் சீட்டைப் படம் எடுத்து வைத்திருங்கள்.