டீச்சர் சொன்னது ஆறுதலா?

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பு. காலாண்டில் கணக்கில் 54, மற்ற பாடங்களில் எழுபதுக்குள். பெற்றோர் கூட்டத்தில் வகுப்பு டீச்சர், “ஜூன்ல பேர் கேட்டாலே தலையைக் குனிஞ்சுக்குவா. இப்போ பிரேயர்ல செய்தி வாசிக்கிறா. ஒடிசாவிலிருந்து வந்து சேர்ந்த பிள்ளைக்கு அவதான் தமிழ் சொல்லித் தர்றா” என்றார். கணவரோ, “மார்க் இல்லாததுக்கு ஆறுதல் சொல்லி அனுப்பியிருக்காங்க” என்கிறார். அப்படித்தானா?
- வாசகி, திருப்பூர்

பதில்: இல்லை அம்மா. ஆறுதலுக்குச் சொல்பவர்கள் “நல்ல பொண்ணு, அமைதியான பொண்ணு” என்று முடித்துக்கொள்வார்கள். இந்த டீச்சர் ஜூன் மாதத்தையும் இப்போதையும் ஒப்பிட்டுச் சொல்கிறார். அத்தனை பிள்ளைகள் உள்ள வகுப்பில் அவளைத் தனியாகக் கவனித்திருக்கிறார்.

உங்கள் கணவரையும் குறை சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வரும் தாளில் இருப்பது எண்கள்தானே? 2012-13இல் முப்பருவ முறை வந்தபோது, தேர்வுக்கு 60, ஆண்டு முழுக்கச் செய்யும் செயல்பாடுகளுக்கும் சிறு தேர்வுகளுக்கும் 40 என்று பிரித்தார்கள். வாழ்க்கைத் திறன், மனப்பான்மை போன்றவற்றுக்குத் தனியே கிரேடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பல இடங்களில் அந்த நாற்பதில் எல்லாருக்கும் 37, 38 என்று போட்டுவிடுகிறார்கள். கிரேடையும் யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. 2017இல் பொதுத்தேர்வில் முதலிடம், இரண்டாமிடம் அறிவிப்பதை அரசு நிறுத்தியது. நம் வீட்டு விசேஷங்களில் “எத்தனாவது ரேங்க்?” என்ற கேள்வி மட்டும் நிற்கவில்லை!

பேசவே பயந்த பிள்ளை மொத்தப் பள்ளிக்கும் முன்னால் நின்று செய்தி வாசிப்பது சின்ன விஷயமா? மொழி தெரியாத ஒரு குழந்தைக்குச் சொல்லித்தர, அவளுக்கு எது புரியவில்லை என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பொறுமை வேண்டும், வேறு விதமாகச் சொல்லிப் பார்க்கவும் தெரிய வேண்டும். பெரியவர்களிலேயே பலருக்கு வராத வேலை இது.

அதற்காக அந்த 54ஐ விட்டுவிடச் சொல்லவில்லை. கணக்கு விடைத்தாளை வாங்கி, எங்கே தடுக்கிறது என்று பாருங்கள். ஆறாம் வகுப்பில் பெரும்பாலும் பின்னமாக இருக்கும். அதற்கும் அடியில் வாய்ப்பாடு. தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்தால் சரியாகிவிடும். அதற்காகச் செய்தி வாசிப்பதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். “கணக்குல எழுபது வாங்கு, அப்புறம் மைக் பிடிக்கலாம்” என்றால், கிடைத்த தைரியமும் போய்விடும், கணக்கும் வராது.

அவள் செய்தி வாசிக்கும் நாளில், டீச்சரிடம் கேட்டுக்கொண்டு, கணவரைக் காலையில் பள்ளிக்கு அனுப்பிவையுங்கள். வேலைக்குக் கொஞ்சம் தாமதமானாலும் பரவாயில்லை, அவரே கேட்கட்டும். அடுத்த கூட்டத்துக்கும் அவரே போகட்டும். கணக்கு எப்படி என்று கேட்ட பிறகு, அந்த ஒடிசாப் பிள்ளை எவ்வளவு தமிழ் பேசுகிறாள் என்றும் கேட்டுவிட்டு வரட்டும்.