எட்டாயிரம் இருக்கையைப் பதினைந்தாயிரம் ஆக்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் ஒஹையோவில் விளையாட்டு மேலாண்மை படிக்கிறேன். பக்கத்துச் சிற்றூரில் ஒரு சிறிய கல்லூரியின் டிக்கெட் அலுவலகத்தில் இன்டர்ன் வேலை. அவர்களின் அமெரிக்கன் ஃபுட்பால் அணி எஃப்சிஎஸ் பிரிவில் (கல்லூரி ஆட்டத்தின் மேல்மட்டமான டிவிஷன் ஒன்னில் இரண்டாவது பிரிவு) ஆடுகிறது. மைதானத்தில் 8,000 இருக்கைகள். போன சீசனில் ஓர் ஆட்டத்துக்கு இடமில்லாமல் ஆட்கள் திரும்பிப் போனார்கள். அதனால் 15,000 இருக்கை ஆக்கலாமா என்று யோசிக்கிறார்கள். எவ்வளவு கூட்டம் வரும் என்று நான் அறிக்கை தர வேண்டும். கல்லூரியில் 9,000 மாணவர்கள். அதை வைத்துக் கணக்குப் போடலாமா?

பதில்: வேண்டாம். மாணவர் எண்ணிக்கையில் தொடங்கினால் கணக்கு முதல் வரியிலேயே தவறிவிடும். மாணவருக்குப் பெரும்பாலும் டிக்கெட் இலவசம். முதல் ஆட்டத்துக்கு வருவார்கள், பாதி பேர் இடைவேளையோடு எழுந்து போய்விடுவார்கள். ஆண்டுதோறும் பணம் கொடுத்து வருபவர்கள் ஊர்க்காரர்களும் பழைய மாணவர்களும்தான்.

அந்த 15,000 எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள். மேல் பிரிவான எஃப்பிஎஸ்ஸில் இருக்க, இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது சராசரியாக 15,000 பேர் வந்ததாகக் காட்ட வேண்டும் என்று ஒரு விதி பல காலம் இருந்தது. 2023இல் அதை எடுத்துவிட்டார்கள். விதி போன பிறகும் எண் மட்டும் பல பேர் மனதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சரி, எதைப் பார்ப்பது? அந்தச் சனிக்கிழமை ஊருக்கு வேறு என்ன வேலை இருக்கிறது என்று பாருங்கள். மொன்டானா மாநிலத்தின் மிசூலா ஏறக்குறைய 75,000 பேர் வாழும் ஊர். அங்குள்ள பல்கலைக்கழகமும் உங்கள் எஃப்சிஎஸ்தான். ஆனால் 25,000 இருக்கையையும் நிரப்புகிறார்கள். பக்கத்தில் தொழில்முறை அணி எதுவும் கிடையாது. சியாட்டிலுக்குப் போக 750 கிலோமீட்டருக்கு மேல் கார் ஓட்ட வேண்டும். இதற்கு நேர் எதிர், மிச்சிகனில் இப்சிலான்டி ஊரில் உள்ள ஈஸ்டர்ன் மிச்சிகன். பிரிவு மேலானது, மைதானத்தில் 30,000 பேர் உட்காரலாம், மாணவர்களும் ஏராளம். ஆனாலும் கூட்டத்துக்குத் திண்டாட்டம்தான். பத்து கிலோமீட்டர் தள்ளி ஆன் ஆர்பரில் 1,07,601 பேர் கொள்ளும் மைதானம் வைத்துக்கொண்டு மிச்சிகன் பல்கலைக்கழகம் உட்கார்ந்திருக்கிறதே!

உங்கள் ஒஹையோவில் கூட்டத்தை இழுக்க இரண்டு போட்டியாளர்கள். ஒன்று, கொலம்பஸில் உள்ள ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழக அணி. நேரில் போகாதவனும் வீட்டில் டிவி முன்னால் இருப்பான். அவர்கள் ஆட்டம் நண்பகலில் என்றால், உங்கள் ஆட்டத்தை மாலைக்குத் தள்ளுவதே ஆயிரம் இருக்கை கட்டுவதைவிட லாபம். இன்னொன்று, வெள்ளி இரவுப் பள்ளி ஆட்டங்கள். அங்கே மசிலன் என்ற ஊரில் உயர்நிலைப் பள்ளி அணிக்கே 16,000 பேர் கொள்ளும் மைதானம் உண்டு! வெள்ளி இரவு குளிரில் மூன்று மணி நேரம் உட்கார்ந்த அப்பா, சனிக்கிழமையும் கம்பளியைத் தூக்கிக்கொண்டு வருவாரா? மறுபக்கம், பள்ளிப் பேண்டு வாத்தியக் குழுக்களை இடைவேளையில் வாசிக்க அழைத்தால் பிள்ளைகளோடு பெற்றோரும் வந்துவிடுவார்கள்.

பேண்டு என்று சாதாரணமாக நினைக்காதீர்கள். மிசிசிப்பியின் ஜாக்சன் ஸ்டேட் போன்ற கறுப்பினக் கல்லூரிகளில் ஆட்டம் தோற்றாலும் இடைவேளை வாத்தியத்துக்காகவே உட்கார்ந்திருப்பார்கள். ஜாக்சன் ஸ்டேட்டில், தொழில்முறை ஆட்டத்தில் நட்சத்திரமாக இருந்த டியான் சாண்டர்ஸ் பயிற்சியாளராக இருந்த 2021இல் சராசரிக் கூட்டம் 42,000ஐத் தாண்டியது. அவரும் எஃப்சிஎஸ் அணியைத்தான் நடத்தினார். ஆனால் அப்படி ஒரு பிரபலம் உங்களுக்குக் கிடைப்பார் என்று அறிக்கையில் எழுத முடியாது.

அடுத்தது, அந்த நிரம்பி வழிந்த ஆட்டம். பழைய மாணவர்கள் ஊர் திரும்பும் ஹோம்கமிங் ஆட்டமா, பரம எதிரியோடு மோதியதா? இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். 2017இல் மினியாபொலிஸின் பேஸ்பால் மைதானத்தில் செயின்ட் ஜான்ஸும் செயின்ட் தாமஸும் மோதியதைப் பார்க்க 37,355 பேர் வந்தார்கள். இரண்டுமே அப்போது விளையாட்டு ஸ்காலர்ஷிப் தராத கீழ்மட்டமான டிவிஷன் த்ரீ கல்லூரிகள். இரண்டே ஆண்டில் செயின்ட் தாமஸை லீக்கை விட்டு வெளியேறச் சொன்னார்கள், 2021இல் அது டிவிஷன் ஒன்னுக்குப் போய்விட்டது. ஆண்டுதோறும் நடந்த மோதல் அதோடு சரி. அந்த ஒரு நாள் கூட்டத்தை நம்பி யாராவது காங்கிரீட் போட்டிருந்தால்?

இனி உங்கள் வேலை. கல்லூரி அறிவித்த கூட்ட எண்ணிக்கையைத் தொடாதீர்கள், வாசலில் ஸ்கேன் ஆன டிக்கெட் கணக்கைக் கேளுங்கள். 2018இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பெரிய கல்லூரிகளின் கணக்கை எடுத்துப் பார்த்தபோது, அறிவித்ததில் 71 சதவீதம்தான் ஸ்கேன் ஆகியிருந்தது. மூன்று சீசன் கணக்கை எடுத்து, ஹோம்கமிங்கையும் எதிரி ஆட்டத்தையும் தள்ளிவிட்டு, நவம்பரில் சுமாரான அணியோடு ஆடிய நாளைப் பாருங்கள். அன்று 3,500 பேர் வந்திருந்தால் உங்கள் அடித்தளம் அதுதான். வாங்கியவர்களின் பின்கோடையும் பிரித்துப் பாருங்கள். ஒரு மணி நேரத் தொலைவுக்குள் இருந்து எத்தனை பேர், சீசன் டிக்கெட் வாங்கியவர்களில் மறுவருடம் புதுப்பித்தவர் எத்தனை பேர் என்பது மாணவர் எண்ணிக்கையைவிட நிறையச் சொல்லும்.

என் யோசனை: அடித்தளம் 6,000ஐத் தாண்டும்வரை நிரந்தர இருக்கை வேண்டாம். நிரம்பி வழியும் அந்த ஒரு நாளுக்கு இரண்டாயிரம் பேர் உட்கார வாடகைக் கேலரி போட்டால் போதும். மிசூலாவும் ஒரே மூச்சில் கட்டவில்லை. 1986இல் திறந்த மைதானத்தை, இடம் போதவில்லை என்றான பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பெரிதாக்கினார்கள்.

ஸ்கேன் கணக்கைத் தரத் தயங்குவார்கள், அது எந்தக் கல்லூரியிலும் நடப்பதுதான். தராவிட்டால் நவம்பர் ஆட்டம் ஒன்றில் மூன்றாம் கால் பகுதி தொடங்கும்போது கார் நிறுத்துமிடத்துக்குப் போய் நின்ற கார்களை எண்ணுங்கள். ஒரு காருக்கு இரண்டரை பேர் என்று வைத்து, நடந்து வரும் விடுதி மாணவர்களைத் தனியே கூட்டிக்கொள்ளுங்கள். கையுறை மறக்காதீர்கள்.