அனல்மின் நிலையத்துக்கு விலக்கு கொடுத்தாச்சு என்கிறார்களே, இனி புகார் செல்லுமா?

கேள்வி: எங்கள் ஊரை ஒட்டி நிலக்கரி அனல்மின் நிலையம் இருக்கிறது. விடியற்காலையில் தீக்குச்சி கொளுத்தின மாதிரி நெடி அடிக்கிறது, தொண்டை எரிகிறது, அம்மாவுக்கு மூச்சு இழுப்பு. கேட்டால், ‘கந்தக வாயுவுக்கு மத்திய அரசே விலக்கு கொடுத்தாச்சு’ என்கிறார்கள். வழக்குப் போட முடியுமா?

பதில்: தாராளமாகப் போடலாம். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2025 ஜூலை அறிவிக்கையை வைத்துத்தான் அப்படிச் சொல்கிறார்கள், ஆனால் அது எல்லா நிலையத்துக்கும் விலக்கு தரவில்லை. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருந்தால் அது ‘ஏ’ பிரிவு, 2027 டிசம்பருக்குள் கந்தக வாயு வரம்புக்குள் வந்தாக வேண்டும். கடும் மாசுப் பகுதிகளை ஒட்டியவை ‘பி’ பிரிவு, அவற்றுக்குத் தனித்தனியாக முடிவெடுப்பார்கள். இரண்டிலும் சேராத ‘சி’ பிரிவுக்குத்தான் நேரடி விலக்கு, அதுவும் புகைப்போக்கியிலிருந்து வெளியேறும் அளவுக்கு மட்டும். நீங்கள் சுவாசிக்கிற காற்றுக்கான 2009 தரநிலை அப்படியே இருக்கிறது: கந்தக டைஆக்சைடு 24 மணி நேரச் சராசரியில் கனமீட்டருக்கு 80 மைக்ரோகிராம், ஆண்டுச் சராசரியில் 50.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். விடியற்காலை மூன்று மணி நேரம் தாங்க முடியாமல் அடித்தாலும், மீதி நேரம் காற்று கடல் பக்கம் திரும்பிவிட்டால் நாள் சராசரி 80-க்குள் அடங்கிவிடும். அறிக்கையில் ‘வரம்புக்குள்’ என்று வந்துவிடும். அதனால் சராசரியோடு நிற்காமல் மணிவாரி அளவைக் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் அந்த நிலையத்தின் இயக்க இசைவாணை (ஆலையை ஓட்ட வாரியம் தரும் அனுமதி) நகல், புகைப்போக்கியில் பொருத்திய கருவியின் பதிவுகள், ஊர்ப்பக்கக் காற்று அளவீடு மூன்றையும் தேதி போட்டுக் கேளுங்கள். இசைவாணையில் உள்ள நிபந்தனை ஒன்று மீறப்பட்டிருந்தாலே உங்கள் கை ஓங்கிவிடும், ஏனென்றால் 1981 காற்றுச் சட்டத்தின் 31ஏ பிரிவில் ஆலையை மூடச் சொல்லவும் மின்சாரத்தைத் துண்டிக்கவும் கூட வாரியத்துக்கு அதிகாரம் உண்டு.

அப்புறம், நெடி அடித்த தேதி, நேரம், காற்றின் திசை எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வையுங்கள், அம்மாவின் மருத்துவச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள், வாய்ப்பேச்சு எடுபடாது.

நடவடிக்கை இல்லையென்றால் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கிற தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின், சென்னையில் உள்ள தென்மண்டல அமர்வுக்குப் போகலாம். இழப்பீடு கேட்காவிட்டால் கட்டணம் 1,000 ரூபாய், நீங்களே நேரில் வாதாடலாம். ஆனால் காலக்கெடு கறார்: பிரச்சனை முதலில் தலைதூக்கிய நாளிலிருந்து ஆறு மாதம், தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள், இழப்பீட்டுக்கு மட்டும் ஐந்து வருடம். தகவல் வரட்டும் என்று ஆறு மாதத்தைக் கடத்திவிடாதீர்கள், இந்த வாரமே தகவல் உரிமை மனுவைப் போடுங்கள்.