வாசகர் கேள்வி பதில்: திங்கக்கிழமை ஆரம்பிச்ச டயட் ஏன் வெள்ளிக்கிழமை நின்னு போகுது?

கேள்வி: அக்கா, நான் திருச்சி. பேங்க்ல வேலை. வீட்ல நான், அவர், மாமியார், 9 வயசு பொண்ணு, 5 வயசு பையன். எல்லாருக்கும் ஆரோக்கியமா சமைக்கணும்னு போன மாசம் ஒரு திங்கக்கிழமை அரிசி, மைதா, சர்க்கரை எல்லாத்தையும் ஒரே நாள்ல நிறுத்திட்டேன். காலைல வரகு உப்புமா, மதியம் சாமை சாதம், ராத்திரி சூப். நாலு நாள் ஓடுச்சு. அஞ்சாவது நாள் பையனோட டிபன் பாக்ஸ் தொடாம அப்படியே திரும்பி வந்துச்சு, அவர் வரும்போதே பரோட்டா பார்சல் வாங்கிட்டு வந்துட்டாரு, மாமியார் எனக்கு மட்டும் ஒரு கை அரிசி போட்டுடும்மான்னு சொல்லிட்டாங்க. அழுகையே வந்துடுச்சு. எங்க தப்பு பண்ணேன்?

பதில்: அழாதீங்கம்மா, வேலைக்கும் போயிட்டு அஞ்சு பேருக்கு மூணு வேளையும் யோசிச்சு சமைச்சிருக்கீங்க, அதுவே பெரிய விஷயம். நீங்க எடுத்த சாமானெல்லாம் நல்லதுதான், ஆனா வீட்ல எல்லாரோட நாக்கும் வருஷக்கணக்கா பழகின மூணு வேளையையும் ஒரே நாள்ல பிடுங்கிட்டீங்க. அதுவும் வெறும் சாமை சாதத்து மேல சாம்பார் ஊத்தினா அது அரிசி மாதிரி உதிரியாவும் இருக்காது குழையவும் குழையாது, முதல் நாளே அப்படி சாப்பிட்டவங்க அடுத்த தடவை தட்டு கிட்டயே வர மாட்டாங்க.

இப்படி பண்ணுங்க. வீட்ல சண்டை இல்லாம காலியாகுற பத்து அயிட்டத்தை ஒரு பேப்பர்ல எழுதுங்க, தோசை, சாம்பார் சாதம், எலுமிச்சை சாதம், பொங்கல், முட்டைக் குழம்புன்னு எதுவா இருந்தாலும் சரி. புதுசா எதையும் வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க, இந்த பத்துக்குள்ளயே கை வைங்க, ஒரு நேரத்துல ஒண்ணுதான். முதல்ல தோசை மாவு. நாலு டம்ளர் இட்லி அரிசி போடுற இடத்துல மூணு அரிசி, ஒரு டம்ளர் தினையோ சாமையோ, உளுந்தும் வெந்தயமும் எப்பவும் போடுற அளவே. மாவு அதே மாதிரி பொங்கும், தோசை அதே மாதிரி சிவக்கும், பசங்களுக்கு வித்தியாசமே தெரியாது. ரெண்டு வாரம் கழிச்சு பாதிக்குப் பாதி போங்க. குதிரைவாலியை வெண்பொங்கலா பண்ணுங்க, மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை எல்லாம் தாராளமா. ஒரு ஸ்பூன் நெய்யை மட்டும் தயவுசெஞ்சு நிறுத்திடாதீங்க, ஆரோக்கியம்னு சொல்லி முதல்ல தாளிப்பைத்தான் குறைக்கிறோம், அங்கதான் ருசியே போயிடுது. கேரட், கீரைல இருக்கற பீட்டா கரோட்டின் உடம்புல சேரவும் கொஞ்சம் எண்ணெயோ நெய்யோ வேணும். சாமைன்னா சாம்பார் சாதம், தயிர் சாதம்னு கலந்த சாதமா பண்ணிடுங்க, அரை மணி நேரம் ஊற வெச்சு ஒண்ணுக்கு ரெண்டரை தண்ணி ஊத்தினா போதும்.

இன்னொண்ணு, எனக்கு இதுதான் முக்கியமா படுது. அரிசியை மாத்துறதுல இருக்கற கவனம் காய் மேல இல்ல நமக்கு. ஹைதராபாத்ல இருக்கற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல வெளியிட்ட வழிகாட்டில 2000 கலோரி சாப்பிடுற ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு உருளைக்கிழங்கு இல்லாம 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம்னு சொல்றாங்க. நாம அரை கிலோ பீன்ஸ் வாங்கி அஞ்சு பேருக்கு பொரியல் பண்றோம், அப்போ தலைக்கு 100 கிராம்தான். குட்டிப் பசங்களுக்கு கம்மியா வேணும்னாலும் பெரியவங்க கணக்கு எங்க நிக்குதுன்னு பாருங்க. அதனால அரிசி அரிசியாவே இருந்தாலும் பரவாயில்ல, ஒரு கரண்டி சாதம் குறைஞ்சு அந்த இடத்துல ஒரு கரண்டி பொரியல் வந்தாலே நீங்க நினைச்சதுல பாதி நடந்துடும்.

அந்த பொரியல் ருசியா இருக்கணும்ல, அதுக்கு ஒரு பொடி. தனியா, கடலைப்பருப்பு, காஞ்ச மிளகாய், கொஞ்சம் எள்ளு, எல்லாத்தையும் எண்ணெய் இல்லாம தனித்தனியா வாசம் வர வறுத்து கொரகொரப்பா பொடிச்சு டப்பால போட்டுடுங்க, ஞாயித்துக்கிழமை பண்ணா ரெண்டு வாரம் வரும். இரும்புச் சட்டில ரெண்டு ஸ்பூன் எண்ணெய், கடுகு முழுசா வெடிச்சு உளுத்தம்பருப்பு சிவந்ததும் காயைப் போட்டு தண்ணி தெளிச்சு மூடி வெச்சு, இறக்குறப்போ இந்த பொடி ஒரு ஸ்பூன். கத்திரிக்காய், அவரைக்காய், கோவக்காய், வாழைக்காய்னு எதுக்கும் சேரும். என் வீட்ல காய் காலியாக ஆரம்பிச்சதே இந்த பொடிக்கு அப்புறம்தான்.

பரோட்டாவுக்காக அவர்கிட்ட சண்டை போடாதீங்க. மாசத்துல ரெண்டு நாள் பரோட்டா நாள்னு நீங்களே சொல்லிடுங்க, பக்கத்துல ஒரு கிண்ணம் வெங்காயம் வெள்ளரிக்காய் தயிர்ப் பச்சடி வெச்சுடுங்க. அப்புறம் கடையில மில்லட் பிஸ்கட், மில்லட் நூடுல்ஸ்னு 2023 சர்வதேச சிறுதானிய ஆண்டா இருந்ததுலேர்ந்து நிறைய வந்திருக்கு, வாங்குறதுக்கு முன்னாடி பாக்கெட் பின்னாடி என்னென்ன சேர்த்திருக்காங்கன்னு பாருங்க. எது அதிகமோ அதைத்தான் முதல்ல போடணும்னு நம்ம நாட்டு விதி, முதல் பேரே மைதான்னா திருப்பி வெச்சுடுங்க.

கேள்வி: என் பொண்ணுக்கு 4 வயசு, கீரையைக் கண்டாலே துப்பிடறா. மிரட்டி ஊட்டினா வாந்தி எடுத்துடறா. விட்டுடலாமா?  — ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: மிரட்டுறதை இன்னைக்கே விட்டுடுங்க, கீரையை விடாதீங்க. சின்னப் பசங்களுக்கு கசப்பு நம்மள விட தூக்கலா தெரியும், ஒரு புது ருசியை ஏத்துக்க பத்து பதினஞ்சு தடவை கூட ஆகும், நாம மூணாவது தடவையிலயே இவ சாப்பிட மாட்டான்னு முடிவு கட்டிடறோம். தட்டுல ஒரே ஒரு ஸ்பூன் வைங்க, சாப்பிட்டாலும் சரி தொடலைன்னாலும் சரி, எதுவும் சொல்லாதீங்க, நீங்க பக்கத்துல உக்காந்து ருசிச்சு சாப்பிடுங்க. என்ன சமைக்கணும் எப்ப சாப்பிடணும்ங்கறது உங்க கைல, எவ்வளவுங்கறது அவ வயித்துக்குத்தான் தெரியும்.

ஆரம்பிக்க சிறுகீரை, முளைக்கீரை நல்லது, அகத்தி பக்கம் இப்போ போகாதீங்க. பாசிப்பருப்பு, நாலு பல் பூண்டு, சின்ன வெங்காயம் போட்டு மத்தால கடைஞ்சு சாதத்துல பிசைஞ்சு குடுங்க. முருங்கைக்கீரைன்னா அடைல. மேல நாலு சொட்டு எலுமிச்சை விட்டா கசப்பும் அடங்கும், அதுல இருக்கற வைட்டமின் சி கீரையோட இரும்புச்சத்தை உடம்புல சேர்க்கவும் உதவும். சாயங்காலம் கட்டை பிரிச்சு கீரை ஆயறப்போ அவளையும் பக்கத்துல உக்கார வெச்சு ரெண்டு தண்டு குடுங்க, தன் கையால ஆய்ஞ்ச கீரைன்னா பசங்க ஒரு வாய் வெச்சுப் பாக்கறதை நான் நிறைய வீட்ல பாத்திருக்கேன்.

கேள்வி: அப்பாவுக்கு 64 வயசு, சுகர். அம்மா அவருக்கு மட்டும் ஓட்ஸ் கஞ்சி, கேழ்வரகு கூழ்னு தனியா பண்றாங்க. நாங்க எல்லாம் சாப்பிடறப்போ அவர் தலை குனிஞ்சு கஞ்சி குடிக்கறதைப் பார்க்க கஷ்டமா இருக்கு. வேற வழி இருக்கா?  — ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இருக்கு தம்பி, தனிச் சமையலே வேண்டாம். உங்க கொங்கு சமையல்லயே அதுக்கு வேண்டியது இருக்கு, கொள்ளுப் பருப்பு, பச்சைப்பயிறு கடைசல், தட்டப்பயிறு குழம்பு, அதுங்கள்ல நார்ச்சத்தும் புரதமும் இருக்கு. அதை மொத்த வீட்டுக்கும் பண்ணுங்க, கொள்ளு வேக வெச்ச தண்ணில அன்னைக்கே ரசமும் ஆயிடும். அப்பா தட்டுல வரிசையை மட்டும் மாத்துங்க, முதல்ல பொரியலும் பருப்பும் அல்லது முட்டையும் சாப்பிட்டுட்டு கடைசியா சோறு. காயும் புரதமும் முதல்ல உள்ள போனா சாப்பாட்டுக்கு அப்புறம் சர்க்கரை ஏறுற வேகம் குறையுதுன்னு ஆராய்ச்சிகள்ல பாத்திருக்காங்க. சோறு ஒரே அளவு கரண்டியால, தினமும் அதே அளவு.

கூழ் பத்தியும் சொல்லிடறேன். கேழ்வரகுல 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல கால்சியம், நல்ல தானியம், ஆனா நைசா அரைச்ச மாவைக் காய்ச்சி கூழா குடிச்சா மடமடன்னு செரிச்சு சர்க்கரை சீக்கிரம் ஏறிடும். சுகருக்கு நல்லதுன்னு நம்பி ரெண்டு சொம்பு குடிக்கறாங்க, பாக்கவே பயமா இருக்கு எனக்கு. அதையே அளவா களியா கிண்டி கீரைக் குழம்போட சாப்பிடட்டும். மாத்திரையோ இன்சுலினோ எடுக்கறவர்னா சாப்பாட்டைக் குறைக்கறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கண்டிப்பா கேளுங்க, அதே மருந்துக்கு சோறு குறைஞ்சா சர்க்கரை திடீர்னு இறங்கிடும்.

கேள்வி: சர்க்கரைக்கு பதிலா நாட்டுச் சர்க்கரை போட்டா எவ்வளவு வேணா போடலாமா?  — ஒரு வாசகி, ஈரோடு

பதில்: கூடாது. வாசம் நல்லா இருக்கும், கலோரி கிட்டத்தட்ட அதேதான். ரெண்டு ஸ்பூன் போடுற காபில ஒண்ணரை போடுங்க, அடுத்த மாசம் ஒண்ணு.

கேள்வி: வீட்டுக்காரருக்கு பிரஷர். உப்பைக் குறைச்சா குழம்பு சப்புன்னு இருக்குன்னு கோவப்படறாரு, தினம் கருவாடோ ஊறுகாயோ வேணும் அவருக்கு.  — ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு சொல்ற அளவு நாளைக்கு 5 கிராமுக்குள்ள, ஒரு டீஸ்பூன் கூட முழுசா இல்ல. குழம்புல போடுறதை விட கருவாடு, ஊறுகாய், அப்பளத்துலதான் அது கண்ணுக்குத் தெரியாம சேருது. அதனால முதல்ல கருவாடு நாளை மீன் நாளா மாத்துங்க. உங்க ஊர்ல புது சாளை மலிவா கிடைக்கற நாள் இருக்குமே, அதுல ஒமேகா 3 நிறைய, பொரிக்காம புளிக்குழம்பு வைங்க. புளி கொஞ்சம் தூக்கலா, மிளகு, சின்ன வெங்காயம், பூண்டு, தேங்காய் அரைச்சு விட்டு கடைசியா பச்சையா கறிவேப்பிலை. புளிப்பும் காரமும் எடுப்பா இருந்தா உப்பு கம்மிங்கறது நாக்குக்கு அவ்வளவா தெரியாது. உப்பை ஒரேயடியா குறைக்காதீங்க, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கால் ஸ்பூன், அதுவும் இறக்குறப்போ போடுங்க. ஊறுகாய் வாரத்துல ரெண்டு நாள், மத்த நாள் அந்த இடத்துல புதினா, இஞ்சின்னு ஒரு துவையல், உப்பு பாதி போட்டு அரைச்சது.

சோறு வடிக்கறப்போ உப்பு போடுற பழக்கம் இருந்தா நிறுத்திடுங்க. கடையில விக்கிற லோ சோடியம் உப்புல பொட்டாசியம் இருக்கும், அவருக்கு கிட்னி பிரச்சினையோ பிரஷர் மாத்திரையோ இருந்தா டாக்டரைக் கேக்காம அதை வாங்காதீங்க. ரெண்டு மாசம் கழிச்சு எனக்கு எழுதுங்க, அதுக்குள்ள ஹோட்டல் குழம்பு உப்பா இருக்குன்னு அவரே சொல்ல ஆரம்பிச்சிருப்பாரு.