புல்மோட்டை மணலும் சிப் வரையும் ஒளியும்

கேள்வி: அதிதீவிரக் கழியூதா ஒளியால் சிப் தயாரிக்கும்போது உலோகம் சேர்ந்த ஒளியுணர் படலங்களைப் பூசுகிறார்கள் என்றும், அவ்வுலோகங்களுள் சிர்க்கோனியமும் ஹப்னியமும் உண்டென்றும் வாசித்தேன். உலோகம் எதற்கு? எங்கள் புல்மோட்டை மணலில் உள்ள, சிர்க்கோனியம் கொண்ட சிர்க்கோன் கனிமம் இதற்கு உதவாதா?
– உயர்தர மாணவி, உவர்மலை, திருகோணமலை

பதில்: உலோகம் எதற்கு என்பது விளங்கினால்தான் மணலைப் பற்றிப் பேசலாம். சிலிக்கன் தட்டில் பூசிய படலத்தில் ஒளி பட்ட பகுதியின் கரைதிறன் மாறுவதால், கழுவியதும் சுற்றின் கோலம் எஞ்சுகிறது. 1980களின் தொடக்கத்தில் ஐபிஎம் ஆய்வாளர்கள் உருவாக்கிய பல்பகுதியப் படலங்களில், ஒளியால் தோன்றும் அமிலம் சூட்டில் நகர்ந்து பல தாக்கங்களைத் தூண்டுகிறது. 193 நானோமீற்றர் அலைநீள ஒளிக்கு இது நன்றாகவே பொருந்தியது.

அதிதீவிரக் கழியூதா ஒளியின் அலைநீளமான 13.5 நானோமீற்றரிலோ ஒரு போட்டனின் (ஒளித்துகளின்) சக்தி ஏறத்தாழ 92 இலத்திரன்வோல்ற்று, அதாவது முன்னையதைப் போல் 14 மடங்கு. ஆகவே அதே அளவு சக்தியைச் செலுத்தினாலும் வந்து சேரும் போட்டன்கள் 14இல் ஒரு பங்குதான். சதுர சென்ரிமீற்றருக்கு 30 மில்லிஜூல் என்று வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள்: 193இல் ஒரு சதுர நானோமீற்றரில் ஏறத்தாழ 290 போட்டன்கள் விழும், 13.5இல் 20 மட்டுமே. காபனும் ஐதரசனும் மிகுந்த படலம் அவற்றிலும் பெரும்பகுதியை உறிஞ்சாமல் விட்டுவிடுகிறது. தூறலின் முதல் துளிகள் முற்றத்தில் ஒழுங்கின்றி விழுவதுபோல இவையும் ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் குறைந்தும் விழுவதால், கோட்டின் விளிம்பு கரடுமுரடாகிறது. சில துளைகள் திறவாமலே போகின்றன.

இந்தச் சக்தி மட்டத்தில் உறிஞ்சுதிறனைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் அணுக்களே. அவை எப்படிப் பிணைந்துள்ளன என்பது அவ்வளவு பொருட்டன்று. வெள்ளீயம் இவ்வொளியை வலுவாக உறிஞ்சும் மூலகம். (உருகிய வெள்ளீயத் துளிகளைச் செக்கனுக்கு 50,000 என்ற அளவில் லேசரால் தாக்கித்தான் இவ்வொளியையே உண்டாக்குகிறார்கள், கொடுப்பதும் வாங்குவதும் ஒரே உலோகம்.) உலோகம் சேர்ந்த படலத்தில், வெள்ளீய அணுக்களும் ஒட்சிசனும் சேர்ந்த சிறு கூடுகளின் புறத்தே காபன் கொண்ட சேதனக் கூட்டங்கள் ஒட்டியிருக்கும். போட்டன் உறிஞ்சப்பட்டதும் வெளியேறும் இலத்திரன்கள் வெள்ளீயத்துக்கும் காபனுக்கும் இடையிலான பிணைப்பை முறிக்கின்றன. வெறுமையான கூடுகள் ஒட்சிசன் வழியே ஒன்றோடொன்று பிணைந்து, கரையாத ஒட்சைட்டு வலையாகின்றன. நகர்ந்து திரியும் அமிலம் இல்லாததால் கோலம் மங்குவதும் குறைவு. பின்னர் நடைபெறும் அரிப்பையும் இவ்வலை நன்றாகத் தாங்குவதால், 20 நானோமீற்றர் அளவுத் தடிப்பே போதும். இவ்வகைப் படலங்களை முன்னெடுத்த அமெரிக்காவின் இன்பிரியா நிறுவனத்தை 2021இல் ஜப்பானின் ஜேஎஸ்ஆர் வாங்கியது.

இனி மணல். கோர்னெல் பல்கலைக்கழகத்தில் சிர்க்கோனியம், ஹப்னியம் ஒட்சைட்டு நுண்துகள்களைக் கொண்டு படலங்கள் செய்து ஆராய்ந்தது உண்மை. ஆனால் சிர்க்கோனியம் இவ்வொளியைப் பெரிதும் தடுப்பதில்லை. அதன் மெல்லிய தகட்டை, வேண்டாத அலைநீளங்களை மறித்து 13.5ஐ விடும் வடிகட்டியாகவே பயன்படுத்துகிறார்கள். ஹப்னியம் அதைவிட நன்றாக உறிஞ்சும். 1923இல் கோப்பன்ஹேகனில் ஹப்னியம் கண்டறியப்பட்டது சிர்க்கோன் கனிமத்தில்தான். புல்மோட்டைச் சிர்க்கோனிலும் அது சிறிதளவு இருக்கும். எனினும் 300 மில்லிமீற்றர் தட்டொன்றில் தங்கும் படலத்தின் எடை சில மில்லிகிராம்தான். இத்தொழிலில் விலை பெறுவது தாதுவின் அளவன்று, தூய்மையாக்கும் நுட்பமே. எனவே மட்பாண்டத் தொழிலும் வார்ப்பாலைகளுமே சிர்க்கோன் மணலுக்கு ஏற்ற சந்தை என்பது என் கருத்து.

கேள்வி: சிப் ஆலைகள் உலோக மாசுக்கு அஞ்சுபவை. வெள்ளீயத்தை எப்படி உள்ளே விடுகின்றன?
– ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியர், மூதூர்

பதில்: அச்சத்துடன்தான், ஐயா. தட்டின் விளிம்பையும் பின்புறத்தையும் கழுவி, உலோகச் சுவடு அனுமதித்த எல்லைக்குள் இருக்கிறதா என்று சோதித்த பின்னரே அதனை அடுத்த கருவிக்கு அனுப்புகிறார்கள். ஒளி இயந்திரத்தின் ஆடிகளில் படியும் வெள்ளீயத்தை, உள்ளே தாழ்ந்த அமுக்கத்தில் விடப்படும் ஐதரசன் வாயுவாக்கி அகற்றுகிறது. காற்றின் ஈரப்பதனும் இப்படலங்களைப் பாதிப்பதால், ஒளி பட்ட பின் சூடாக்கும் வரையான நேரத்தையும் கண்டிப்பாகக் கட்டுப்படுத்த வேண்டியுள்ளது.