சூடு வரவில்லையா? காற்றிலிருந்து தொடங்குங்கள்

ஆபரேஷன் தியேட்டரிலும் ரெக்கவரி அறையிலும் சூடான காற்றை ஹோஸ் வழியே துளைகள் உள்ள ஒரு போர்வைக்குள் ஊதி, நோயாளியைச் சூடாக வைத்திருக்கும் காற்று வார்மர் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்.

கேள்வி: எங்கள் வார்மரின் டிஸ்ப்ளே 43 டிகிரி காட்டுகிறது. ஆனால் நோயாளி குளிர்ந்தே கிடக்கிறார் என்று தியேட்டர் நர்ஸ்கள் சொல்கிறார்கள். ஹீட்டரை மாற்றிவிடலாமா?
– பயோமெடிக்கல் டெக்னீஷியன், திருநெல்வேலி

பதில்: ஹீட்டரைத் தொடாதீர்கள். 43 வருகிறது என்றால் ஹீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. அந்த எண் ஹோஸ் முனையில் உள்ள காற்றின் சூடு மட்டுமே. எவ்வளவு காற்று போர்வைக்குள் போகிறது என்பது அதில் தெரியாது. காற்று குறைந்தால், வருகிற கொஞ்சக் காற்று சீக்கிரமே 43-ஐ எட்டிவிடும். கட்டுப்பாட்டு போர்டும் உடனே ஹீட்டரை அணைத்துவிடும். டிஸ்ப்ளேயில் எல்லாம் சரியாக இருக்க, போர்வை மட்டும் காற்றுப் போன பலூன் மாதிரி தொய்ந்து கிடக்கும். மயக்க மருந்து கொடுத்த முதல் ஒரு மணி நேரத்திலேயே உடல் சூடு 1 முதல் 1.5 டிகிரி வரை இறங்கிவிடும். அந்த நேரத்தில் இந்தத் தொய்வு பெரிய விஷயம்.

முதலில் ஃபில்டரைப் பாருங்கள். இந்த இயந்திரங்களில் இருப்பது 0.2 மைக்ரான் அளவு நுண்ணிய ஃபில்டர். பேர் ஹக்கர் (Bair Hugger) என்ற பிராண்டின் வகைகளில் 12 மாதம் அல்லது 500 மணி நேரம், இரண்டில் எது முந்துகிறதோ அப்போது மாற்ற வேண்டும். காலண்டரை மட்டும் நம்பினால் இங்கேதான் ஏமாறுவோம். தினம் 4 மணி நேரம் ஓடுகிற இயந்திரத்துக்கு 125 நாளில் 500 மணி நேரம் முடிந்துவிடும். ஏப்ரலில் மாற்றியதை அடுத்த ஏப்ரலில் மாற்றினால், நடுவில் எட்டு மாதம் அடைத்த ஃபில்டரோடு ஓடியிருக்கும். ஹவர் மீட்டர் இருந்தால், மாற்றிய அன்று அது காட்டும் எண்ணை ஒரு ஸ்டிக்கரில் எழுதி இயந்திரத்தின் முதுகில் ஒட்டிவிடுங்கள்.

கழற்றிய ஃபில்டரை ஏர் கம்ப்ரஸரால் ஊதி மறுபடி போடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அழுத்தக் காற்று இழைகளைக் கிழிக்கும், தண்ணீரில் கழுவினால் இழைகள் ஒட்டிக்கொள்ளும். வெளியே சுத்தமாகத் தெரிவதால் ஏமாந்துவிடுவோம். இது காசு மிச்சம் பிடிக்கிற இடமே இல்லை. புதியதைப் போடும்போது ஓர ரப்பர் மடங்காமல் சுற்றிலும் சமமாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஓரத்தில் இடைவெளி இருந்தால் காற்று ஃபில்டருக்குள் போகாமல் பக்கவாட்டில் புகுந்துவிடும்.

இன்னொன்று, இயந்திரம் எங்கே நிற்கிறது? தரையில் வைத்தால் பச்சைத் துணி, பஞ்சு, பேண்டேஜ் தூசி எல்லாவற்றையும் அடியிலிருந்தே உறிஞ்சும். ஸ்டாண்டிலோ கட்டில் கம்பியிலோ மாட்டுங்கள். கடைசியாக ஹோஸ் மடிந்திருக்கிறதா, விரிசல் விட்டிருக்கிறதா, போர்வை வாயில் முழுதாகச் செருகப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: தெர்மல் கட்-அவுட் அடிக்கடி ட்ரிப் ஆகிறது. உதிரி வரும்வரை அதை ஷார்ட் செய்து ஓட்டலாமா?
– வாசகர், சேலம்

பதில்: கூடவே கூடாது. ஒரு நாளைக்குக்கூட.

சாதாரணமாகச் சூட்டைக் கட்டுப்படுத்துவது தெர்மிஸ்டரும் (சூட்டை உணரும் சென்சார்) போர்டும். அவை தவறினால், போர்டைக் கேட்காமலே ஹீட்டர் மின்சாரத்தை அறுப்பது கட்-அவுட். டிரையாக் (ஹீட்டருக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் எலெக்ட்ரானிக் ஸ்விட்ச்) ஷார்ட் ஆனால் போர்டு 'அணை' என்று சொன்னாலும் ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும். அப்போது நிறுத்த வேறு ஆள் இல்லை. மயக்கத்தில் இருப்பவருக்கு 'சுடுகிறது' என்று சொல்ல வாயும் இருக்காது.

கட்-அவுட் ட்ரிப் ஆவது பெரும்பாலும் அதன் குற்றமல்ல. அடைத்த ஃபில்டர், ப்ளோயர் (காற்றை ஊதும் விசிறி) வேகம் குறைவு, ஹீட்டர் கம்பியில் படிந்த பஞ்சு, இந்த மூன்றையும் வரிசையாகப் பாருங்கள். இன்னொரு காரணமும் உண்டு. முழுச் சூட்டில் ஓடும்போது பிளக்கைப் பிடுங்கினாலோ கரண்ட் போனாலோ காற்று நின்றுவிடும், ஹீட்டரின் மிச்சச் சூடு அப்படியே கட்-அவுட்டில் ஏறும். தானாகத் திரும்பும் வகை சற்று நேரத்தில் சரியாகும். ஒருமுறை மட்டும் அறுக்கும் தெர்மல் ஃப்யூஸ் என்றால் புதியது போடத்தான் வேண்டும், அதே வெப்ப அளவில், அதே ஆம்பியரில். கேஸ் முடிந்ததும் சூட்டை நிறுத்தி, வெறும் காற்றில் சில நிமிடம் ஓடவிட்டு அணைக்கச் சொன்னால் இந்தத் தொல்லை குறையும்.

கேள்வி: ஹீட்டர் போயிருக்கிறதா என்று கையேடு இல்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பிளக்கைக் கழற்றி, ஹீட்டர் ஆறும்வரை 20 நிமிடம் காத்திருங்கள். ஹீட்டரின் ஒரு முனையைச் சர்க்யூட்டிலிருந்து விடுவித்து மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். 230-ஐ 230-ஆல் பெருக்கி, ஹீட்டரின் வாட்டால் வகுத்தால் வர வேண்டிய ஓம் கிடைக்கும். 1000 வாட்டுக்கு ஏறக்குறைய 53 ஓம், 1400 வாட்டுக்கு 38 ஓம். நிக்ரோம் கம்பி ஆறியிருக்கும்போது இதைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டும், பயப்பட வேண்டாம். இரண்டு காயில் உள்ள ஹீட்டரில் ஒன்று மட்டும் அறுந்திருந்தால் மீட்டர் ஏதோ ஒரு எண்ணைக் காட்டும், அதைப் பார்த்து 'நன்றாக இருக்கிறது' என்று விட்டுவிடுவோம். ஒவ்வொரு காயிலையும் தனித்தனியாக அளந்து பாருங்கள்.

கேள்வி: சென்சார் ஃபால்ட் வருகிறது, அணைத்துப் போட்டால் போய்விடுகிறது. போர்டு மாற்றியும் தீரவில்லை.
– சர்வீஸ் இன்ஜினியர், கோவை

பதில்: போர்டுக்குச் செலவழிக்கும் முன் ஹோஸை வளைத்துப் பார்த்திருக்கலாம். பல மாடல்களில் சென்சார் ஹோஸ் முனையில்தான் இருக்கும், கடுகளவு மணி, அதிலிருந்து தலைமுடி போன்ற இரண்டு ஒயர். ஹோஸ் இயந்திரத்தை விட்டு வெளியே வரும் முதல் 10 சென்டிமீட்டரில்தான் தினமும் மடிகிறது. ஒயர் உள்ளே அறுந்திருக்கும், மேலே உறை முழுதாகவே இருக்கும்.

சென்சார் கனெக்டரைக் கழற்றி, அதன் இரண்டு முனைகளிலும் மல்டிமீட்டரை மாட்டுங்கள். 10 கிலோ ஓம் வகை என்.டி.சி. தெர்மிஸ்டர் (சூடு ஏறினால் ஓம் குறையும் வகை) 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும். பரவலாகப் புழங்கும் 3950 பீட்டா (சூட்டுக்கேற்ப ஓம் எவ்வளவு மாறும் என்பதைக் குறிக்கும் எண்) வகை என்றால் 32 டிகிரியில் 7.4, 38-ல் 5.7, 43-ல் 4.7 கிலோ ஓம் அளவில் வர வேண்டும். உள்ளங்கையில் மூடிப் பிடித்தால் எண் நிதானமாக இறங்கும். இப்போது ஹோஸை அடியிலிருந்து முனை வரை, ஒரு சாண் ஒரு சாணாக வளைத்துக்கொண்டே வாருங்கள். எண் திடீரென்று குதித்தால், முறிவு அந்த இடத்தில்தான். சால்டர் வைத்து ஒட்டுப்போட வேண்டாம், அதே இடத்தில் மறுபடி அறும். ஹோஸை முழுதாக மாற்றுங்கள். மாற்றியபின் 15 நிமிடம் ஓடவிட்டு, தெர்மோகப்பிளை (சூடு அளக்கும் ஒயர்) முனையின் நடுவில் (சுவரில் படாமல்) வைத்து 32, 38, 43 டிகிரி என்ற மூன்று சூட்டு நிலைகளிலும் அளந்து, கையேட்டில் தரப்பட்ட வரம்போடு ஒப்பிடுங்கள்.

கேள்வி: ஸ்விட்ச் போட்டால் 'ம்ம்' என்று முனகுகிறது, ப்ளோயர் சுற்றத் தாமதமாகிறது.

பதில்: கெபாசிட்டர் வைத்த ஏ.சி. மோட்டார் என்றால் முதல் சந்தேகம் மோட்டாரைச் சுற்ற உதவும் அந்த ரன் கெபாசிட்டர்தான். டிஸ்சார்ஜ் செய்துவிட்டு அளந்து பாருங்கள். எழுதியிருக்கும் மதிப்பைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் மாற்றுங்கள். கெபாசிட்டர் சரி என்றால் இம்பெல்லரைக் (ப்ளோயரின் இறக்கைச் சக்கரம்) கையால் சுற்றுங்கள். கரகரவென்று இருந்தால் பேரிங். சுற்றி நிற்கும்போது எப்போதும் ஒரே இடத்தில் நின்றால் இறக்கையில் பஞ்சு ஒட்டிச் சமநிலை கெட்டிருக்கிறது.

கேள்வி: போர்வை விலை கட்டுப்படியாகவில்லை. ஹோஸை மட்டும் துணிப் போர்வைக்குள் விட்டால் என்ன?
– செவிலியர் கண்காணிப்பாளர்

பதில்: தீக்காயம் வரும். போர்வையின் வேலை, முனையில் வரும் சூட்டை நூற்றுக்கணக்கான சிறு துளைகள் வழியே பரப்புவது. அது இல்லாவிட்டால் 43 டிகிரி காற்று மணிக்கணக்கில் ஒரே இடத்தில், பெரும்பாலும் தொடையில் அல்லது காலில், அடித்துக்கொண்டே இருக்கும். உலகெங்கும் இந்த இயந்திரத்தால் வந்த தீக்காயங்களில் இந்தப் பழக்கம் பேர்போனது. ஒருமுறை மட்டுமே பயன்படுத்த வேண்டிய போர்வையைத் துவைத்து மறுபடி பயன்படுத்துவதும் வேண்டாம். துளைகள் அடைத்தால் மிச்சமுள்ள துளைகளில் காற்று குவியும்.

கேள்வி: இந்தக் காற்றால் மூட்டு மாற்று அறுவையில் தொற்று வரும் என்று எங்கள் சர்ஜன் அணைக்கச் சொல்கிறார்.

பதில்: இந்த வாதம் அமெரிக்காவில் நீதிமன்றம் வரை போனது. இருந்தாலும் அந்நாட்டின் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் அமைப்பான எஃப்.டி.ஏ. 2017 ஆகஸ்டில் அனுப்பிய கடிதத்தில், இரண்டுக்கும் நிலையான தொடர்பு தெரியவில்லை, தேவைப்படும்போது தொடர்ந்து பயன்படுத்தலாம் என்றே சொன்னது. எப்போது போடுவது என்பதை சர்ஜனும் மயக்க மருத்துவரும் தீர்மானிக்கட்டும். நம் பக்கத்துக் கடமை ஃபில்டரும், ஹோஸின் உட்புறச் சுத்தமும்.

கேள்வி: பிளக் பின்கள் கருகுகின்றன. ஒயரிங் கோளாறா?

பதில்: 1400 வாட் என்றால் 6 ஆம்பியரைத் தாண்டுகிறது. 6 ஆம்பியர் சாக்கெட்டிலோ, நாலு பேர் பகிரும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ போட்டால் பின் கருகாமல் என்ன செய்யும்? சுவரில் 16 ஆம்பியர் சாக்கெட் கேளுங்கள். தியேட்டர் யு.பி.எஸ்.ஸிலும் இதை மாட்டாதீர்கள், ஹீட்டர் ஒன்றே அதை வடித்துவிடும். ஜெனரேட்டர் மாறும் இடைவெளியில் பல மாடல்கள் ஸ்டாண்ட்-பைக்குப் போய் அப்படியே நின்றுவிடும். கரண்ட் வந்ததும் மறுபடி பட்டனை அழுத்த வேண்டும் என்று தியேட்டர் நர்ஸ்களிடம் சொல்லிவையுங்கள். பிளக் மாற்றியபின் எர்த் தொடர்ச்சியை ஒயரோடு சேர்த்து அளந்து பாருங்கள், 0.3 ஓமுக்குள் வர வேண்டும். லீக்கேஜ் (கசியும் மின்சாரம்) நேரடி அளவீட்டு முறையில் 500 மைக்ரோ ஆம்பியரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பிளக்கை விட்டுவிட்டு ஹீட்டரின் இன்சுலேஷனைப் பாருங்கள்.