டயாலிசிஸ் செய்துகொள்பவருக்குப் புரதபானம்: எதைப் பார்த்து வாங்குவது?

சிறுநீரக நோயாளிகளின் உணவு குறித்து வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளில், இம்முறை புரதபானங்களைப் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சில கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியுள்ளோம்.

கேள்வி: என் தந்தைக்கு வயது 62. ஓராண்டாக வாரம் மூன்று முறை ஹீமோடயாலிசிஸ் செய்துகொள்கிறார். அவருடைய உலர் எடை (டயாலிசிஸில் தேங்கிய நீரை எடுத்த பின் உள்ள எடை) 58 கிலோவிலிருந்து 54 கிலோவாகக் குறைந்துவிட்டது. இரத்தத்தில் அல்புமின் என்ற புரதத்தின் அளவு 3.2 என்று குறைவாக வருகிறது. காலையில் ஒரு முட்டை, ஒரு தம்ளர் பால், மதியம் ஒரு சிறு துண்டு மீன் அல்லது கொஞ்சம் பருப்பு, மற்றபடி பாதி வயிற்றுக்குத்தான் சாப்பிடுகிறார். டயாலிசிஸுக்கு முன்பு புரதத்தைக் குறைக்கச் சொன்ன அதே மருத்துவர், இப்போது புரதபானம் கொடுக்கச் சொல்கிறார். கடையில் கேட்டால் ஏழெட்டு டப்பாக்களை எடுத்து வைக்கிறார்கள். எல்லாவற்றிலும் புரதம் என்றுதான் எழுதியிருக்கிறது. எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: மருத்துவர் முன்பு சொன்னதும் சரி, இப்போது சொல்வதும் சரி. டயாலிசிஸ் தொடங்காத நிலையில், புரதம் சிதைந்து உண்டாகும் கழிவுகளைப் பழுதுபட்ட சிறுநீரகமே வெளியேற்றியாக வேண்டும் என்பதால், அதன் சுமையைக் குறைக்கப் புரதத்தைக் குறைக்கிறோம். டயாலிசிஸ் தொடங்கிய பிறகு கழிவை அகற்றும் வேலையை இயந்திரம் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அது கழிவோடு சேர்த்து, உடலுக்குத் தேவையான அமினோ அமிலங்களையும் வடித்துவிடுகிறது. ஒவ்வொரு ஹீமோடயாலிசிஸின்போதும் சுமார் 6 முதல் 12 கிராம் வரை அமினோ அமிலங்கள் இவ்வாறு வெளியேறுகின்றன. சிகிச்சை நடக்கும் நேரத்தில் தசைப் புரதம் சிதைவதும் அதிகரிக்கிறது. ஆகவே, உலர் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை புரதம் தேவை என்று அமெரிக்கத் தேசியச் சிறுநீரக அறக்கட்டளையின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது.

உங்கள் தந்தையின் 54 கிலோவுக்கு இது நாளொன்றுக்கு 54 முதல் 65 கிராம் வரை ஆகும். நீங்கள் எழுதியிருப்பதைக் கொண்டு பார்த்தால், முட்டையில் 6 கிராம், ஒரு தம்ளர் பாலில் 6 அல்லது 7 கிராம், மீன் துண்டில் 12 கிராம் அளவு, தானிய உணவில் ஏறத்தாழ அதே அளவு என்று தோராயமாக 35 முதல் 40 கிராம்தான் தேறுகிறது. குறைவது சுமார் 15 முதல் 30 கிராம். கடைக்குப் போகுமுன் கையில் இருக்க வேண்டிய எண் இதுதான். இந்த எண் தெரியாமல் வாங்கப்படும் டப்பா பெரும்பாலும் தேவைக்குக் குறைவாகவோ கூடுதலாகவோ அமைந்துவிடுகிறது.

கூடவே இன்னொரு கணக்கையும் போட வேண்டும். உடலுக்குப் போதிய கலோரி கிடைக்காவிட்டால், நாம் கொடுக்கும் புரதத்தை அது விறகாக எரித்துவிடும். தசைக்குப் போய்ச் சேராது. ஒரு கிலோ எடைக்கு 25 முதல் 35 கலோரி என்ற கணக்கில் உங்கள் தந்தைக்கு நாளொன்றுக்கு 1,350 முதல் 1,890 கலோரி வரை தேவை. பாதி வயிற்றுக்குச் சாப்பிடுபவருக்கு இது கிடைக்க வாய்ப்பில்லை. எனவே அவருக்கு வெறும் புரதப்பொடியைவிட, கலோரியும் புரதமும் சேர்ந்த, டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கென்றே தயாரிக்கப்படும் பானமே பொருந்தும் என்பது என் கருத்து. இத்தகைய பானங்களில் ஒரு மி.லி.க்கு 1.8 முதல் 2 கலோரி வரை அடர்த்தி இருக்கும். சாதாரண ஊட்டச்சத்துப் பானங்களில் அது 1 முதல் 1.5 வரைதான். நீர் அருந்துவதில் கட்டுப்பாடு உள்ளவருக்கு இந்த வேறுபாடு சிறியதன்று. நாளொன்றுக்கு ஒரு லிட்டர் என்று அளந்து குடிப்பவருக்கு 200 மி.லி. பானம் அந்த அளவில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. பானம் உணவாயிற்றே என்று அதைத் தண்ணீர்க் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டு, அடுத்த டயாலிசிஸுக்குள் எடை கூடிவிட்டதே என்று வருந்துபவர்கள் பலர்.

இனி டப்பாவைத் திருப்புங்கள். முன்பக்கத்தில் இருப்பது விளம்பரம். நமக்கு வேண்டியது பின்பக்கத்துச் சிறிய எழுத்தில்தான் இருக்கிறது. முதலில், அட்டவணை 100 கிராமுக்கு எழுதப்பட்டுள்ளதா, ஒரு வேளை அளவுக்கு எழுதப்பட்டுள்ளதா என்று பாருங்கள். 100 கிராமில் 40 கிராம் புரதம் என்றால் பெரிதாகத் தோன்றும். ஒரு வேளைக்கு 25 கிராம் பொடிதான் என்றால் உண்மையில் கிடைப்பது 10 கிராம். அடுத்து, பழுதுபட்ட சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாமல் இரத்தத்தில் தேங்கும் பாஸ்பரஸின் அளவைப் புரதத்தின் அளவால் வகுத்துப் பாருங்கள். 20 கிராம் புரதத்துக்கு 180 மி.கி. பாஸ்பரஸ் இருந்தால், ஒரு கிராம் புரதத்துக்கு 9 மி.கி.; இது நல்ல விகிதம். 8 கிராம் புரதத்துக்கு 240 மி.கி. இருந்தால், ஒரு கிராமுக்கு 30 மி.கி.; அது வேண்டாம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சொல்கிறேன்: முட்டையின் வெள்ளைக்கருவில் இந்த விகிதம் 2க்கும் குறைவு, முழு முட்டையில் சுமார் 16, பாலில் 28 அளவில் இருக்கும். பானத்தில் 10 முதல் 12க்குள் இருந்தால் வாங்கலாம்.

பல நாடுகளில் பாஸ்பரஸின் அளவை அச்சிட வேண்டும் என்ற கட்டாயமில்லை. அப்படி அச்சிடப்படாத டப்பாவில், சேர்மானங்களின் பட்டியலில் ‘பாஸ்பேட்’ என்ற சொல்லைத் தேடுங்கள். சோடியம் பாஸ்பேட், டைபொட்டாசியம் பாஸ்பேட், ட்ரைகால்சியம் பாஸ்பேட் என எந்த உருவிலும் அது வரலாம். 338 முதல் 341 வரையிலான எண்களாகவோ 450, 451, 452 என்றோ ஒளிந்தும் இருக்கலாம். உணவில் இயற்கையாக உள்ள பாஸ்பரஸில் பாதியளவே உடலில் சேர்கிறது. தாவர உணவில் உள்ளது அதைவிடக் குறைவாகச் சேர்கிறது. இப்படிச் சேர்க்கப்படும் உப்பு வடிவப் பாஸ்பரஸோ ஏறத்தாழ முழுவதுமாக இரத்தத்தில் சேர்ந்துவிடும். எனவே விகிதம் சிறியதாக இருந்தாலும் பட்டியலில் பாஸ்பேட் உப்புகள் முன்வரிசையில் இருந்தால் நான் அந்த டப்பாவைத் திரும்ப வைத்துவிடச் சொல்வேன்.

பொட்டாசியம் ஒரு வேளைக்கு 200 மி.கி. அளவில் இருந்தால் பெரும்பாலானவர்களுக்குப் பிரச்சினையில்லை. உங்கள் தந்தையின் மாதாந்திரப் பரிசோதனையில் பொட்டாசியம் ஏற்கெனவே உயர்ந்திருந்தால் மட்டும் இன்னும் கண்டிப்பு தேவை. சாக்லேட் சுவையைவிட வெனிலா நல்லது. கோகோ கூடும்போது பொட்டாசியமும் பாஸ்பரஸும் கூடுகின்றன. பொடியாக வாங்கினால் தண்ணீரில் கரையுங்கள். 200 மி.லி. பாலில் கரைத்தால், பொடியில் எவ்வளவு கவனம் காட்டியிருந்தாலும், பாலிலிருந்து மட்டும் சுமார் 180 மி.கி. பாஸ்பரஸும் 300 மி.கி. பொட்டாசியமும் கூடுதலாக வந்துவிடும்.

புரதம் கொடுத்தால் யூரியா ஏறிவிடுமே என்ற அச்சம் உங்களுக்கும் இருக்கலாம். ஓரளவு ஏறத்தான் செய்யும். அதை அகற்றத்தான் டயாலிசிஸ் இருக்கிறது. சரியாகச் சாப்பிடாத ஒருவருக்கு டயாலிசிஸுக்கு முந்தைய யூரியா மிகக் குறைவாக வருவது மகிழ வேண்டிய செய்தியன்று.

கேள்வி: என் கணவர் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். அவருக்காக வாங்கிய பானப்பொடி மீதமிருக்கிறது. சிறுநீரகச் செயலிழப்பின் நான்காம் நிலையில் இருக்கும் என் கொழுந்தனாருக்கு அதைக் கொடுக்கலாமா? அவருக்கு இன்னும் டயாலிசிஸ் தொடங்கவில்லை.

பதில்: கொடுக்க வேண்டாம். சிறுநீரக நோயாளிகளுக்கான பானங்களில் இரண்டு வகை உண்டு: டயாலிசிஸ் தொடங்காதவர்களுக்கான குறைந்த புரத வகை, டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கான கூடுதல் புரத வகை. ஒரே நிறுவனம் இரண்டையும் ஏறக்குறைய ஒரே தோற்றமுள்ள டப்பாக்களில் விற்கும்போது, பெயருக்குப் பின்னால் வரும் ஓரிரு எழுத்துகளில்தான் வேறுபாடு இருக்கும். கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிடுவதும் நடக்கிறது. மாற்றிக் கொடுத்தால் கொழுந்தனாரின் சிறுநீரகத்துக்குச் சுமை கூடும். உங்கள் கணவருக்கோ பணம் செலவழித்தும் புரதம் கிடைக்காது.

கேள்வி: எனக்கு வயது 29. டயாலிசிஸ் செய்துகொண்டே வேலைக்கும் போகிறேன், நன்றாகச் சாப்பிடுகிறேன். உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செல்லும் நண்பர்கள் வே புரோட்டீன் (பால் திரியும்போது பிரியும் நீரிலிருந்து எடுக்கப்படும் புரதம்) பொடியைப் பரிந்துரைக்கிறார்கள். அதை எடுத்துக்கொள்வது தவறா?

பதில்: தவறு என்று ஒரே அடியாகச் சொல்ல மாட்டேன். பசியும் கலோரியும் போதுமான அளவில் உள்ள, புரதம் மட்டும் சற்றுக் குறையும் ஒருவருக்கு, வேறெதுவும் கலக்காத வே ஐசொலேட் பொடி நல்ல தேர்வாகவே அமையும். அதன் பாஸ்பரஸ் விகிதம் பெரும்பாலும் குறைவாக இருக்கும், தண்ணீரும் அதிகம் தேவைப்படாது. அந்த அளவுக்குச் சுத்திகரிக்கப்படாத கான்சன்ட்ரேட் வகையில் பால் சர்க்கரையும் தாது உப்புகளும் கூடுதல். பாலின் மற்றொரு புரதமான கேசினின் பொடியில் பாஸ்பரஸ் அதன் அமைப்பிலேயே பிணைந்திருக்கிறது.

ஆனால் ‘வேறெதுவும் கலக்காத’ என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். உடற்பயிற்சி செய்பவர்களுக்கென்று விற்கப்படும் பொடிகளில் கிரியேட்டின், காஃபீன், மூலிகைச் சாறுகள், பொட்டாசியம் உப்புகள் ஆகியவை சேர்க்கப்பட்டிருக்கலாம். கிரியேட்டின் உங்கள் இரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் அளவை உயர்த்திக் காட்டி மருத்துவரைக் குழப்பும். சிறுநீரகம் இயங்காதபோது வைட்டமின் ஏ உடலிலேயே தேங்குகிறது; ஆகவே ‘எல்லா வைட்டமின்களும் அடங்கியது’ என்ற வாசகம் உங்களுக்கு ஒரு குறைதான். கொலாஜன் பொடியையும் சிலர் புரதபானம் என்று வாங்குகிறார்கள். அதில் டிரிப்டோஃபேன் என்ற இன்றியமையாத அமினோ அமிலம் இல்லை. தனியாக அதை மட்டும் நம்பிப் பயனில்லை. டப்பாவை நண்பரிடம் காட்டுவதற்கு முன் உங்கள் டயாலிசிஸ் மையத்தின் உணவியல் நிபுணரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பானத்தை எந்த நேரத்தில் குடிக்க வேண்டும்? பாஸ்பரஸைக் குறைக்கும் மாத்திரையை அதனுடனும் சேர்த்துப் போட வேண்டுமா? டயாலிசிஸ் நடக்கும்போதே குடிக்கலாமா?

பதில்: சாப்பாட்டுக்குப் பதிலாக இல்லாமல், சாப்பிட்டு ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து, நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறையாகப் பிரித்துக் குடிப்பதே நல்லது. உணவுக்கு முன் குடித்தால் இருக்கும் கொஞ்சப் பசியும் அடங்கிவிடும். வாயில் உலோகச் சுவை தட்டுகிறது என்பவர்கள் நன்றாகக் குளிரவைத்துச் சிறிது சிறிதாக உறிஞ்சினால் எளிதாக இறங்கும்.

செவலமர், கால்சியம் அசிடேட், லாந்தனம் போன்ற மாத்திரைகள் குடலில் உணவோடு கலந்திருக்கும்போதுதான் பாஸ்பரஸைப் பிடித்து வைக்கின்றன. பானத்திலும் பாஸ்பரஸ் இருப்பதால், அதற்கும் மாத்திரை வேண்டுமா, எத்தனை என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள்; இருக்கிற மாத்திரைகளை நீங்களாகப் பங்கிட வேண்டாம்.

டயாலிசிஸின்போது குடிப்பதில் நன்மை உண்டு. இயந்திரம் அமினோ அமிலங்களை வடிக்கும் அதே வேளையில் புரதம் உள்ளே போவதால் இழப்பு ஈடாகிறது. சில மையங்கள் தாங்களே கொடுக்கின்றன, சில மையங்கள் அனுமதிப்பதில்லை. காரணம், சாப்பிட்டவுடன் இரத்தம் குடல் பக்கம் திரும்புவதால் சிலருக்கு இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். அப்படி இறங்கும் பழக்கம் உள்ளவர்களும் விழுங்கச் சிரமப்படுபவர்களும் தவிர்க்க வேண்டும். மற்றவர்கள் அனுமதி பெற்று, நிமிர்ந்து உட்கார்ந்து குடிக்கலாம். எத்தனை மி.லி. என்பதைத் தொழில்நுட்பரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால், அன்று எடுக்க வேண்டிய நீரின் அளவில் அதையும் சேர்த்துக்கொள்வார்.

கேள்வி: நான் வீட்டிலேயே பெரிடோனியல் டயாலிசிஸ் (வயிற்றுக்குள் திரவத்தை விட்டு வெளியே எடுக்கும் முறை) செய்துகொள்கிறேன். நீரிழிவும் உண்டு. எனக்கும் இதே பானங்கள்தானா?

பதில்: உங்கள் தேவை சற்று வேறு. வயிற்றிலிருந்து வெளியேறும் திரவத்தோடு தினமும் 5 முதல் 15 கிராம் வரை புரதம் போய்விடுகிறது. வயிற்றுறையில் தொற்று ஏற்பட்டால் இழப்பு இன்னும் கூடும். மறுபுறம், அந்தத் திரவத்தில் உள்ள குளுக்கோஸில் ஒரு பகுதி உடலில் சேர்வதால், சாப்பிடாமலேயே சில நூறு கலோரிகள் உங்களுக்குக் கிடைத்துவிடுகின்றன. எனவே சர்க்கரையும் கலோரியும் நிறைந்த அடர்பானத்தைவிட, மாவுச்சத்துக் குறைந்த புரதப்பொடியே பெரும்பாலும் உங்களுக்கு ஏற்றது. ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்ற வரியோடு நிறுத்திக்கொள்ளாமல் மொத்த மாவுச்சத்தைப் பாருங்கள். மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்து இருந்தாலும் அந்த வரியை அச்சிட முடியும். எடை குறைந்துகொண்டே போகிறது என்றால் மட்டும் அடர்பானத்தைப் பற்றி யோசிக்கலாம். அப்போது இன்சுலின் அளவையும் மருத்துவர் மாற்ற வேண்டியிருக்கும்.

கேள்வி: இரண்டு மாதமாக என் தாயார் தவறாமல் குடிக்கிறார். அல்புமின் 3.1லிருந்து நகரவே இல்லை. பானத்தை மாற்ற வேண்டுமா?

பதில்: பானத்தைக் குறை சொல்வதற்கு முன் வேறு சிலவற்றைப் பார்க்க வேண்டும். அல்புமின் உணவை மட்டும் காட்டும் அளவுகோல் இல்லை. உடலில் எங்கேனும் அழற்சியோ தொற்றோ இருந்தால், கல்லீரல் அதன் உற்பத்தியைக் குறைத்துவிடும். கழுத்தில் கதீட்டர் என்ற குழாய் வழியாக டயாலிசிஸ் செய்துகொள்பவர்களிடமும், பல் ஈறு கெட்டிருப்பவர்களிடமும் இதைக் காண்கிறோம். உடலில் நீர் தேங்கியிருந்தாலும் இரத்தம் நீர்த்து, அல்புமின் குறைவாகத் தெரியும். டயாலிசிஸ் போதுமான அளவு நடக்காவிட்டால் பசி எடுக்காது. இரத்தத்தில் அமிலத்தன்மை கூடியிருந்தால், கொடுக்கும் புரதமும் தசையும் சேர்ந்தே கரையும். டயாலிசிஸ் போதுமான அளவில் நடக்கிறதா என்பதைக் காட்டும் கேடி/வி எண், இரத்தத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் பைகார்பனேட், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. ஆகிய மூன்றையும் அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் கேளுங்கள்.

பானத்தின் பலனை அறியக் குறைந்தது மூன்று மாதமாவது தேவை. அதுவரை உலர் எடை குறையாமல் நிற்கிறதா, கைப்பிடியின் வலு எப்படி இருக்கிறது, சாப்பாட்டின் அளவு கூடியதா என்பதைக் குறித்து வாருங்கள். மூன்று மாதத்தில் எடை நிலைத்து, தாயார் வழக்கமான உணவிலேயே தேவையான புரதத்தை எட்டிவிட்டால், இரண்டு வேளையை ஒரு வேளையாகக் குறைத்துப் பிறகு நிறுத்திவிடலாம். நிறுத்திய பின் உலர் எடை மறுபடி இறங்கத் தொடங்கினால், அதே பானத்தையே மீண்டும் தொடரலாம். புதிய டப்பாவைத் தேட வேண்டியதில்லை.